ஸ்டீயரிங்கில் ஆட்டம், முன்பக்கம் சத்தம்: ரேக்கை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி இதுதான். கார் 95,000 கி.மீ. ஓடியிருக்கிறது. சின்னச் சின்னப் பள்ளங்களில் முன்பக்கத்திலிருந்து ‘டொக் டொக்’ என்று சத்தம் வருகிறது. நேரான சாலையிலும் ஸ்டீயரிங்கை அடிக்கடி திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. காரைக் காட்டிய இடத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, ரேக் போய்விட்டது, முழுதாக மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அது உண்மையா, இதில் எதையாவது நானே செய்ய முடியுமா?

வெறுமனே ஓட்டிப் பார்த்து ரேக் போய்விட்டது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ரேக் என்பது நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்புவதைப் பக்கவாட்டு நகர்வாக மாற்றிச் சக்கரங்களைத் திருப்பும் பல் வைத்த தண்டு. ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரம் வரையிலான வரிசையிலேயே விலை கூடிய பாகம், பெரும்பாலும் கடைசியாகத் தேய்கிற பாகமும்கூட. அதைத் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு இணைப்பிலும் கையை வைத்துப் பார்த்தாக வேண்டும். அதற்கு ஒரு ஆள் துணையும் அரை மணி நேரமும் போதும். அதை நீங்களே செய்யலாம் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் வரிசையை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் பிடிக்கும் ஸ்டீயரிங் வீலிலிருந்து ஒரு தண்டு கீழே இறங்குகிறது. அதில் ஒன்றோ இரண்டோ யுனிவர்சல் ஜாயின்ட் இருக்கும். அது ரேக்கின் பினியனில், அதாவது ரேக்கின் பற்களை நகர்த்தும் சின்னப் பல்சக்கரத்தில், போய்ச் சேருகிறது. ரேக்கின் இரு முனையிலும் ரப்பர் பூட்டுக்குள் (மடிப்பு மடிப்பான ரப்பர் உறை) ஒளிந்திருப்பது இன்னர் டை ராட், அதாவது ரேக் எண்ட். அதன் வெளி முனையில் டை ராட் எண்ட். அது சக்கரத்தைத் தாங்கும் நக்கிளின் கையைப் பிடித்துத் திருப்புகிறது. அந்த நக்கிளுக்குக் கீழே லோயர் ஆர்ம், அதன் நுனியில் பால் ஜாயின்ட், உள்பக்கத்தில் ரப்பர் புஷ்கள். இவற்றில் எங்கே ஆட்டம் இருந்தாலும் உங்கள் கைக்கு ‘ஸ்டீயரிங் சரியில்லை’ என்ற ஒரே சேதிதான் வரும். சேதி ஒன்றாக இருப்பதால்தான் ஆள் மாற்றி ஆளைத் தண்டிப்பதுபோல நல்ல பாகங்கள் கழற்றப்படுகின்றன.

காருக்கு அடியில் படுப்பதற்கு முன் டயர் காற்றைச் சரிபார்த்துவிடுங்கள். நான்கில் ஒன்று குறைவாக இருந்தாலே கார் அலையும். அப்புறம் 80 கி.மீ. வேகத்துக்கு மேல் மட்டும் ஸ்டீயரிங் நடுங்கி, வேகம் கூடினால் அடங்குகிறது என்றால் முதலில் வீல் பேலன்சைப் பாருங்கள். பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் அது டிஸ்க் சமாச்சாரம். உங்களுக்கு இரண்டும் இல்லை, மெதுவாகப் போகும்போதே தட்டுகிறது. அதனால் இணைப்புகளுக்கு வருவோம்.

காரைத் தூக்காமல் தரையிலேயே செய்யும் சோதனைதான் முதலாவது. என் அனுபவத்தில் மற்ற எல்லாச் சோதனைகளையும்விட இது அதிகம் சொல்லும். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்கள் நேராக இருக்கட்டும். பவர் ஸ்டீயரிங் என்றால் எஞ்சின் ஓடட்டும், கியர் நியூட்ரலில் இருக்கட்டும். எஞ்சினை அணைத்துவிட்டு ஆட்டினால் பவர் ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் மெல்லிய முறுக்குக் கம்பி வளைந்து கொடுக்கும். அந்த வளைவை ஆட்டம் என்று தப்பாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. உள்ளே உட்கார்ந்திருப்பவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாக மெதுவாக அசைக்கட்டும். டயர் அசையத் தொடங்குவதற்கு முன் வீலின் விளிம்பு எவ்வளவு தூரம் சும்மா நகர்கிறது என்று ஒரு ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். கார்களின் கையேடுகளில் பெரும்பாலும் 30 மி.மீ.க்குள் ஏதோ ஒரு வரம்பு இருக்கும். உங்கள் காருக்கு என்ன அளவு என்பதைக் கையேட்டில் பாருங்கள். நல்ல நிலையில் இருக்கும் ரேக் வைத்த காரில் அந்த வரம்பை நெருங்கவே நெருங்காது.

இப்போது அவர் அசைத்துக்கொண்டே இருக்க, நீங்கள் டை ராட் எண்டின் மேல் விரலை வையுங்கள். ஒரு விரல் டை ராட்டிலும் இன்னொரு விரல் நக்கிளின் கையிலும், இரண்டும் சேரும் கோட்டை மூடுகிற மாதிரி இருக்க வேண்டும். நல்ல ஜாயின்ட்டில் இரண்டு விரலும் சேர்ந்தே நகரும். தேய்ந்ததில் ஒரு விரல் முந்தும், மற்றது ஒரு கணம் கழித்துத் தொடரும், அந்த இடைவெளியில் விரல் நுனியில் ஒரு சின்னத் தட்டல் தெரியும். கண்ணுக்குத் தெரியாத அளவு ஆட்டம்கூட விரலுக்குத் தெரிந்துவிடும். இரண்டு பக்கமும் பார்த்து ஒப்பிடுங்கள். அடுத்து ரேக்கின் ரப்பர் பூட்டை வெளியிலிருந்தே விரல்களால் நசுக்கி, உள்ளே இருக்கும் பந்து மூட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். ரேக் எண்ட் தேய்ந்திருந்தால் அதே தட்டல் அங்கே வரும். ஒன்று கவனம்: கையை டயருக்கும் பாடிக்கும் நடுவில் கொண்டுபோகாதீர்கள். பெல்ட்டும் ஃபேனும் இருக்கும் பக்கம் சட்டைக் கையை மடித்துக்கொள்ளுங்கள். அசைப்பவரும் நீங்கள் சொல்லாமல் முழுச்சுற்று திருப்பக் கூடாது.

அதன்பின் இடத்தை மாற்றி, நீங்கள் டேஷ்போர்டின் கீழே தலையை நீட்டி ஸ்டீயரிங் தண்டைப் பாருங்கள். இதைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை, நானும் ஒருமுறை பார்க்கத் தவறினேன். என் பழைய காரில் இதே ‘டொக்’ சத்தம் இருந்தது, கையிலேயே உணரும்படியாக. டை ராட் எண்ட் இரண்டும் மாற்றியாகிவிட்டது, லிங்க் ராடும் (கார் சாயாமல் தடுக்கும் ஸ்டெபிலைசர் பாரைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் கம்பி) மாற்றியாகிவிட்டது, சத்தம் போகவில்லை. ரேக்தான் என்று சொல்லிவிட்டார்கள். ரேக் வாங்குவதற்கு முந்தைய நாள் மனசு கேட்காமல் டார்ச்சோடு பெடல்களுக்கு மேலே பார்த்தேன். யுனிவர்சல் ஜாயின்ட்டின் கவ்வி, பினியன் தண்டைப் பிடிக்கும் இடத்தில் செம்மண் நிறத்தில் மெல்லிய தூள் படிந்திருந்தது. அதன் நடுவே பளபளவென்று ஒரு கோடு. இரும்பு இரும்போடு உரசினால் வரும் துருத்தூள் அது. ஆட்டிப் பார்த்தபோது மேல் பாதி திரும்பி, ஒரு நூல் அளவு கழித்துத்தான் கீழ்ப் பாதி திரும்பியது. கவ்வியின் போல்ட் இளகியிருந்தது. கவ்விக்குள் தண்டைப் பிடிக்கும் பல்வரிசை தேயவில்லை என்பதைக் கழற்றி உறுதி செய்துகொண்டு, புது போல்ட் போட்டு, சொன்ன அளவுக்கு முறுக்கினேன். சத்தம் அன்றோடு நின்றது. அந்த ரேக்கோடுதான் கார் அதன்பின் பல வருடம் ஓடியது. அங்கே பல்வரிசை தேய்ந்திருந்தால் மட்டும் முறுக்கிச் சமாளிக்கக் கூடாது, தண்டை மாற்றியே ஆக வேண்டும். அது நழுவினால் கையில் ஸ்டீயரிங் இருக்கும், சக்கரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது.

இனி ஜாக்கி. சமதளம், பின்சக்கரங்களுக்குக் கட்டை, ஜாக்கியில் தூக்கியபின் கண்டிப்பாக ஸ்டாண்ட். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை கால் எதையும் நீட்டாதீர்கள். இதில் எந்த விதிவிலக்கும் கிடையாது. டயரைக் கடிகார முகமாக நினைத்து, 3 மணிக்கும் 9 மணிக்கும் கையை வைத்து ஆட்டுங்கள். இங்கே ஆட்டம் இருந்தால் டை ராட் வரிசையில் ஏதோ ஒன்று. பிறகு 12 மணிக்கும் 6 மணிக்கும் பிடித்து ஆட்டுங்கள். இங்கே ஆட்டம் இருந்தால் பால் ஜாயின்ட்டோ வீல் பேரிங்கோ. இரண்டையும் பிரிக்க எளிய வழி, ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்கட்டும். பிரேக் பிடித்ததும் ஆட்டம் மறைந்தால் பேரிங். அப்படியே இருந்தால் பால் ஜாயின்ட் பக்கம் பாருங்கள்.

பால் ஜாயின்ட் விஷயத்தில் எங்கே தூக்குகிறோம் என்பது முக்கியம். இன்றைய பல சிறிய கார்களில் இருக்கும் ஸ்ட்ரட் அமைப்பில் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த கால்) காரின் எடை ஸ்ட்ரட் வழியாக மேலே போகிறது, கீழ் பால் ஜாயின்ட்டில் எடை உட்காருவதில்லை. அதனால் சக்கரம் தொங்கும்படி பாடியில் தூக்கினால் போதும். ஆனால் ஸ்பிரிங் லோயர் ஆர்மின் மேலேயே உட்கார்ந்திருக்கும் வண்டிகளில் இப்படித் தூக்கினால் ஸ்பிரிங் ஆர்மைக் கீழே தள்ளி, ஜாயின்ட்டை இறுக்கிப் பிடித்துவிடும். நன்றாகத் தேய்ந்ததும் புதுசு மாதிரி நடிக்கும். அவற்றில் ஜாக்கியை லோயர் ஆர்முக்கே கொடுத்து, ஸ்பிரிங்கின் பாரத்தை ஆர்மிலிருந்து வாங்கிய பிறகுதான் கம்பியை டயருக்கு அடியில் விட்டு நெம்பிப் பார்க்க வேண்டும்.

உங்கள் ‘டொக் டொக்’ சத்தத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சின்னப் பள்ளத்தில் மெதுவாகப் போகும்போது தட்டுவது, அதுவும் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் இறங்கும்போது தட்டுவது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது ஸ்டெபிலைசர் பாரின் லிங்க் ராடை. இரண்டு முன்சக்கரமும் ஒரே நேரத்தில் ஏறும்படி ஒரு வேகத்தடையை நேராகக் கடந்து பாருங்கள். அப்போது அந்தப் பார் முறுக்கப்படாமல் சும்மா சுழலும், அதனால் லிங்க் ராட் சத்தம் வெகுவாகக் குறைந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் ஏற்றினால் சத்தம் திரும்பி வரும். லிங்க் ராட் ஸ்டீயரிங்கில் ஆட்டம் தராது. ஆக உங்கள் காரில் சத்தத்துக்கு ஒரு காரணமும் அலைச்சலுக்கு வேறொரு காரணமும் இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. அலைச்சலுக்கு டை ராட் எண்டையும் லோயர் ஆர்மின் பின்பக்கப் புஷ்ஷையும் பார்ப்பேன். அந்தப் புஷ் கிழிந்திருந்தால் பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கமும் விடும்போது மறுபக்கமும் லேசாகத் திரும்பும்.

சரி, ரேக்கே உண்மையில் போயிருந்தால் எப்படித் தெரியும்? பூட்டின் கவ்வியைத் தளர்த்தி ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங்கில் உள்ளே எண்ணெய் தேங்கியிருந்தால் ரேக்கின் சீல் போய்விட்டது. பூட் கிழிந்து, தண்ணீரும் மண்ணும் புகுந்து, ரேக் தண்டில் துரு குழி பறித்திருந்தால் அதுவும் மாற்ற வேண்டியதே. ரேக் தண்டைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டும்போது அதன் குழாய்க்குள்ளேயே ஆடினால் உள்ளிருக்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. ரேக்கைப் பாடியோடு பிடிக்கும் ரப்பர்கள் இளகி, மொத்த ரேக்கும் பக்கவாட்டில் நகர்கிறதா என்றும் பாருங்கள். அதற்கு ரப்பர் மாற்றினால் போதும்.

ரேக்கின் அடியில் ஒரு பெரிய அட்ஜஸ்ட்மென்ட் நட்டு இருக்கும். அதை இறுக்கினால் ஆட்டம் போய்விடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து செய்ய விடாதீர்கள். ரேக்கின் பற்கள் நடுப்பகுதியில்தான் அதிகம் தேயும், ஏனென்றால் கார் பெரும்பாலும் நேராகத்தான் ஓடுகிறது. தேய்ந்த நடுவுக்கு ஏற்றபடி இறுக்கினால், தேயாத ஓரங்களுக்கு வரும்போது பிடித்துக்கொள்ளும். திருப்பத்தில் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராமல் நின்றுவிடும். ஆட்டத்தைவிட இது ஆபத்து.

இப்போது மாற்றும் வேலை. வீட்டில் நிதானமாகச் செய்யக்கூடியது டை ராட் எண்ட். முந்தின நாளே மரைகளில் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி, பிறகு தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, சக்கரத்தைக் கழற்றுங்கள். எதையும் தளர்த்துவதற்கு முன் அளவு எடுக்க வேண்டும். பந்து மூட்டின் நடுவிலிருந்து டை ராட்டில் மாறாத ஓர் இடம் வரைக்கும் உள்ள தூரத்தை மி.மீ. கணக்கில் எழுதி வையுங்கள், எண்டை டை ராட்டில் நகராமல் பிடிக்கும் லாக் நட்டின் ஓரத்தில் பெயின்ட்டால் ஒரு கோடும் போடுங்கள். சுற்று எண்ணுவது மட்டும் போதாது, புது எண்டின் உடல் பழையதைவிட நீளம் மாறி இருக்கலாம்.

லாக் நட்டை முதலில் கால் சுற்றுக்கும் குறைவாக இளக்குங்கள். இதை டேப்பர், அதாவது எண்டின் கூம்பு வடிவத் தண்டு, இன்னும் நக்கிளில் கெட்டியாக மாட்டியிருக்கும்போதே செய்வது நல்லது, டை ராட்டை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் பூட் முறுக்கிக்கொள்ளும். அடுத்து ஸ்பிளிட் பின்னை எடுத்து, மேல் நட்டைத் தளர்த்தி, முழுவதும் கழற்றாமல் இரண்டு மூன்று மரையில் நிற்க விடுங்கள். டேப்பர் விடுபடும்போது துள்ளிக் கையில் அடிக்காமல் அந்த நட்டு காப்பாற்றும்.

டேப்பரை எடுப்பதற்கு, அதை அழுத்தி வெளியே தள்ளும் புல்லர் என்ற கருவி இருந்தால் அதுவே உத்தமம். இல்லையென்றால், நக்கிள் இரும்பாக இருந்தால் மட்டும், அந்தக் கையின் கண் பகுதியில் பக்கவாட்டில் சுத்தியலால் பலமாக ஓர் அடி. மரையின் மேல் அடிக்கக் கூடாது. எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கனமான சுத்தியலை முட்டுக் கொடுத்தால் அடி வீணாகாது. சில அடிகள் கல்லில் விழுந்த மாதிரி மந்தமாகவே கேட்கும். விடுபடும் அடியில் சத்தமே மாறிவிடும், எண்ட் ‘டக்’கென்று நட்டின் மேல் வந்து உட்காரும். அலுமினிய நக்கிளில் சுத்தியலே வேண்டாம், விரிசல் விழும். அங்கே புல்லர்தான். மாட்டியிருக்கும் எண்டைத் திரும்பப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் இரண்டு பல் கொண்ட கவட்டை ஆயுதத்தைப் பயன்படுத்தாதீர்கள், அது பூட்டைக் கிழிக்கும்.

புது எண்டைப் பூட்டும் முன் நக்கிளின் டேப்பர் துளையைத் துணியால் நன்றாகத் துடையுங்கள். டேப்பரில் கிரீஸ் தடவக் கூடாது, அது உலர்ந்த உராய்விலேதான் பிடிக்கிறது. எழுதி வைத்த அளவுக்குத் திருகி, நட்டைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள். சிறிய கார்களில் பொதுவாக 30 முதல் 50 நியூட்டன் மீட்டருக்குள் வரும். நட்டோடு போல்ட்டும் சேர்ந்து சுற்றினால், கீழிருந்து ஜாக்கியால் லேசாக அழுத்தம் கொடுத்தால் டேப்பர் பிடித்துக்கொள்ளும். ஸ்பிளிட் பின் துளை நேருக்கு வரவில்லை என்றால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேர் செய்ய வேண்டும், ஒருபோதும் பின்னால் தளர்த்தி அல்ல. ஸ்பிளிட் பின்னும் புதிதாக இருக்கட்டும். நைலான் வைத்த நட்டு என்றால் நட்டும் புதிது. கடைசியாக லாக் நட்டை இறுக்க மறக்காதீர்கள்.

ரேக் எண்டையும் சிலர் தாங்களே மாற்றுகிறார்கள். அதற்குத் தனிக் குழாய் ஸ்பேனர் வேண்டும், கழற்றும்போது ரேக் தண்டைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் அந்த முறுக்கு விசை பினியன் பற்களில் போய் விழும். முதல் முறை செய்பவருக்கு நான் சொல்ல மாட்டேன். அழுத்திப் பொருத்தும் பால் ஜாயின்ட்டும் பிரஸ் இருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும்.

லோயர் ஆர்ம் அல்லது அதன் புஷ் மாற்றினால், வெளியில் கொடுத்துச் செய்தாலும், இதை மட்டும் பக்கத்தில் நின்று கேட்டுச் செய்யச் சொல்லுங்கள்: புஷ் போல்ட்டுகளைக் கடைசி முறுக்கு முறுக்குவது கார் தன் எடையில் உட்கார்ந்த பிறகு. அந்தப் புஷ்ஷில் ரப்பர் உள்குழாயோடு ஒட்டியிருக்கிறது, அது சுழல்வதில்லை, முறுகி முறுகித்தான் வேலை செய்கிறது. சக்கரம் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், காரை இறக்கிய அந்த நிமிடத்திலிருந்து ரப்பர் எப்போதும் முறுகிய நிலையிலேயே நிற்கும். அப்படிப் போட்ட புதுப் புஷ் சில மாதங்களில் கிழியும். பிறகு பாகம் போலி என்று திட்டுவோம்.

பால் ஜாயின்ட்டில் கையால் ஆட்டியே தெரியும் அளவு ஆட்டம் இருந்தால் காரை அங்கேயே நிறுத்திவிட்டு, இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். அது கழன்றால் சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். டை ராட் எண்ட் கழன்றால் ஒரு சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். லிங்க் ராட் மட்டும் என்றால் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு நிதானமாக ஓட்டிப்போய் மாற்றலாம்.

அளவு எடுத்துத்தானே போட்டோம், அலைன்மென்ட் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. டை ராட் மரையில் ஒரு சுற்று பிசகினால் நீளம் ஏறக்குறைய 1.5 மி.மீ. மாறும். நக்கிளின் கை 130 மி.மீ. நீளம் என்று வைத்தால் சக்கரம் 0.6 டிகிரிக்கு மேல் திரும்பிவிடும். 600 மி.மீ. விட்டமுள்ள டயரில் அது கிட்டத்தட்ட 7 மி.மீ. டோ வித்தியாசம் (டோ என்பது டயர்களின் முன் ஓரம் பின் ஓரத்தைவிட உள்ளோ வெளியோ விலகி நிற்கும் அளவு). அனுமதிக்கப்படும் வித்தியாசமோ பல கார்களில் ஓரிரு மி.மீ.தான். அந்த 7 மி.மீ. இரண்டு சக்கரத்துக்கும் பாதிப் பாதியாகப் பிரிந்தால், ஒவ்வொரு டயரும் 1 கி.மீ.க்கு ஏறக்குறைய 6 மீட்டர் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டே ஓடுகிறது என்று அர்த்தம். டயரின் மேல் உள்ளங்கையைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பம் மாதிரி சொரசொரப்பாகவும் இருந்தால், டோ ஏற்கெனவே கெட்டிருக்கிறது. அதனால் ஆட்டம் இருக்கும் பாகத்தை மாற்றிய பிறகுதான் அலைன்மென்ட். ஆடும் ஜாயின்ட்டோடு எடுக்கும் அளவு இடத்தை விட்டு நகர்ந்ததுமே மாறிவிடும்.

அலைன்மென்ட் முடிந்து ஸ்டீயரிங் வீல் கோணலாக நின்றால், வீலைக் கழற்றி நேராக மாட்ட விடாதீர்கள். இரண்டு டை ராட்டையும் சரிசமமாகத் திருகித்தான் நேராக்க வேண்டும். எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் என்றால் கோண சென்சாரின் நடுநிலையையும் அங்கேயே சரிசெய்யச் சொல்லுங்கள். வீல் நட்டுகளையும் நீங்கள் தொட்ட மற்ற நட்டுகளையும் 100 கி.மீ. ஓடியபின் ஒருமுறை டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்துவிடுங்கள்.